கழற்றி மாட்டும் மின்னிணைப்பு: கணினியின் பக்கவாட்டு விசிறியில் ஒரு பாடம்



நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டப் பள்ளி. பெயர் வேண்டாம். பள்ளியைச் சுற்றிச் செம்பனை. வேலிக்கு அந்தப் பக்கம் செம்மண் சாலை. குலை ஏற்றிய லாரி ஒன்று போனால் போதும், கணினி அறை ஜன்னல் கம்பியெல்லாம் சிவப்பாகிவிடும். அந்தத் தூசியைக் கணினிப் பெட்டியின் பக்கவாட்டு விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே தவணைக்கு ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து துடைத்தாக வேண்டும்.

ஒரு நாள் கணினி மன்றப் பையன் ஒருவன் ஆர்வமாகப் பக்கத் தகட்டை இழுத்தான். தகட்டோடு விசிறி வந்தது, விசிறியோடு கம்பி பிய்ந்து வந்தது. மறுநாள் யாரோ கம்பிகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி மூடிவிட்டார்கள். விசிறியும் ஓடியது. அடுத்த தவணையில் தகட்டைத் திறந்து மூடியபோது, வெயிலில் பசை இளகிய டேப் வழுக்கி, வெறுங்கம்பி பெட்டியின் இரும்பைத் தொட்டது. சுவிட்சை அமுக்கினால் விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடும். "சார், கணினி செத்துப் போச்சு!" என்றார்கள். அப்புறப்படுத்த வேண்டிய பொருட்களின் வரிசைக்கு அந்தக் கணினியும் போனது.

அது சாகவில்லை. பவர் சப்ளை ஷார்ட்டைக் கண்டு தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். சுவரில் பிளக்கைக் கழற்றி, ஒட்டியிருந்த கம்பியைப் பிரித்து, சில நிமிடம் கழித்து மறுபடி போட்டதும் கணினி எழுந்துவிட்டது. சில வெள்ளி மதிப்புள்ள ஓர் இணைப்பி சரியாக இல்லாததால் ஒரு முழுக் கணினியை இழக்கப் பார்த்தோம்.

அந்த இணைப்பியைச் சரியாக அமைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. 5-ஆம் ஆண்டு அறிவியலில் வரும் மின்சுற்றிலிருந்து எஸ்.பி.எம். இயற்பியலில் வரும் மின்திறன் வரை எல்லாமே இந்தச் சின்ன வேலைக்குள் இருக்கின்றன.

பக்கவாட்டு விசிறிக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கல்?

கணினிப் பெட்டியின் முன்னாலும் பின்னாலும் உள்ள விசிறிகள் அசையாத சட்டத்தில் பொருத்தப்பட்டவை. பெட்டியைத் திறந்தாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கவாட்டு விசிறி அப்படியல்ல. அது கதவில் மாட்டிய விசிறி. கதவைக் கழற்றினால் அதுவும் கூடவே வந்துவிடும்.

2000-களின் நடுவில், பெண்டியம் 4 போன்ற சூடான செயலிகள் வந்த காலத்தில், பக்கத் தகட்டில் காற்றுத் துளையும் விசிறியும் வைப்பது பரவலானது. நேரே செயலிமீதும் கிராஃபிக்ஸ் அட்டைமீதும் வெளிக்காற்றை ஊதுவது நல்ல வழிதான். இப்போது கண்ணாடித் தகடு வந்துவிட்டதால் புதிய பெட்டிகளில் இந்த விசிறி குறைந்துவிட்டது. ஆனால் நம் பள்ளிகளுக்கு நன்கொடையாக வரும் பழைய கணினிகளில் இன்னும் இருக்கிறது.

பலர் செய்யும் தீர்வு இரண்டு. ஒன்று, கம்பியை நீளமாக விட்டுச் சுருட்டி உள்ளே திணிப்பது. அந்தச் சுருள் ஒரு நாள் செயலியின் விசிறி இறக்கையில் மாட்டிக்கொள்ளும். மற்றொன்று, நாம் மேலே பார்த்த டேப் வைத்தியம். இரண்டும் வேண்டாம். தகட்டைத் திறக்கும்போது கையால் கழற்றி, மூடும்போது மாட்டக்கூடிய ஓர் இணைப்பிதான் சரி.

12 வோல்ட் எங்கிருந்து வருகிறது?

பெட்டி விசிறிகள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் ஓடுபவை. விசிறியின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 12 வோல்ட், 0.20 ஆம்பியர் என்பதுபோல எழுதியிருக்கும். மின்திறன் என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது. 12 × 0.20 = 2.4 வாட்.

இந்த 12 வோல்ட்டை இரண்டு இடங்களில் எடுக்கலாம். முதலாவது, மதர்போர்டில் உள்ள விசிறி முனை. அதில் மூன்று அல்லது நான்கு ஊசிகள் நிமிர்ந்து நிற்கும். வழக்கமாக ஒரு முனையிலிருந்து 1 ஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. இரண்டாவது, பவர் சப்ளையிலிருந்து வரும் நான்கு கம்பி மோலெக்ஸ் இணைப்பி. பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்குப் போட்டோமே, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டைதான்.

இங்கேதான் நிறம் பார்த்து வேலை செய்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கவனமாகப் படியுங்கள்.

மோலெக்ஸில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், இரண்டு கறுப்பும் எதிர்முனை.

மூன்று கம்பி விசிறியில் வழக்கமாகச் சிவப்பு 12 வோல்ட், கறுப்பு எதிர்முனை, மஞ்சள் வேகத்தைச் சொல்லும் சமிக்ஞைக் கம்பி.

அதாவது ஒரே நிறத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருள். "சிவப்போடு சிவப்பு, மஞ்சளோடு மஞ்சள்" என்று இணைத்தால் என்ன ஆகும்? விசிறிக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட்தான் கிடைக்கும். மெதுவாகச் சுற்றும், அல்லது சுற்றவே தொடங்காது. அதைவிட மோசம், 12 வோல்ட் நேராக வேகச் சமிக்ஞைக் கம்பிக்குள் போய், உள்ளே இருக்கும் சிறு டிரான்சிஸ்டரை எரித்துவிடலாம். சரியான இணைப்பு: விசிறியின் சிவப்பு மோலெக்ஸின் மஞ்சளோடு, கறுப்பு கறுப்போடு.

சில பவர் சப்ளைகளில் எல்லாக் கம்பியும் கறுப்பாகவே இருக்கும். வேறு நிறம் போடும் விசிறிகளும் உண்டு. ஆகவே நிறத்தை நம்பாதீர்கள், மல்ட்டிமீட்டரை நம்புங்கள்.

முக்கிய விதி: கொடுக்கிற பக்கம் மறைந்திருக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கழற்றி மாட்டும் எந்த இணைப்பிலும், மின்சாரம் கொடுக்கிற பக்கம் பெண் முனையாக இருக்க வேண்டும். உலோகம் பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்க வேண்டும். வாங்குகிற பக்கம்தான் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் முனை.

காரணம் எளிது. கழற்றிய பிறகும் கொடுக்கிற பக்கத்தில் மின்சாரம் இருக்கும். வாங்குகிற பக்கத்தில் இருக்காது.

வீட்டைப் பாருங்கள். சுவரில் இருப்பது துளை, கையில் இருப்பது ஊசி. போர்ட்டிக்சன் துவாங்கு ஜாஃபார் நிலையம் போன்ற மின் நிலையங்களில் உற்பத்தியாகி, பல மின்மாற்றிகளைக் கடந்து வரும் 230 வோல்ட், உங்கள் சுவரில் துளைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. நாம் பயன்படுத்தும் மூன்று ஊசிப் பிளக் 1947-இல் பிரிட்டனில் தரப்படுத்தப்பட்ட வகை. அதில் நில ஊசி மட்டும் கொஞ்சம் நீளம். அது முதலில் உள்ளே போய் மற்ற இரண்டு துளைகளின் மூடியைத் திறக்கும். அந்த இரண்டு ஊசிகளிலும் பாதிவரை பிளாஸ்டிக் உறை இருக்கும், பாதி செருகிய நிலையில் விரல் பட்டாலும் ஷாக் அடிக்காமல் இருக்க. கழற்றி மாட்டும்போது மனிதன் தப்புச் செய்வான் என்று தெரிந்தேதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள்.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் லயங்களுக்கு ஜெனரேட்டர் மின்சாரம்தான். மாலையில் ஓட்டுவார்கள், இரவில் நிறுத்திவிடுவார்கள். இன்றும் கோயில் திருவிழாவுக்கோ, மின்தடை நேரத்திலோ சிறிய ஜெனரேட்டர் கொண்டுவருகிறோம். அப்போது சிலர் இரண்டு நுனியிலும் ஆண் பிளக் வைத்த கம்பி ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து வீட்டுச் சுவர்த் துளைக்குச் செருகுவார்கள். ஒரு நுனி கழன்று விழுந்தால், வெளியே நீட்டிய ஊசியில் 230 வோல்ட் இருக்கும். பிள்ளை தொட்டால் உயிர் போகும். மின்சாரம் வெளி லைனுக்கும் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரையும் கொல்லலாம். இப்படி ஒரு கம்பியை எங்கே பார்த்தாலும் செய்தவரிடம் பக்குவமாகச் சொல்லி வெட்டிப் போடச் சொல்லுங்கள்.

சரி, கணினிக்கு வருவோம். 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. ஆனால் பெட்டி முழுக்க இரும்பு, அந்த இரும்பு எதிர்முனையோடு சேர்ந்திருக்கிறது. வெளியே நீட்டிய 12 வோல்ட் ஊசி எங்கே பட்டாலும் ஷார்ட்தான்.

மோலெக்ஸ் இந்த விதியைக் கடைப்பிடிக்கிறது. பவர் சப்ளைப் பக்கம் துளை, கருவிப் பக்கம் ஊசி. மதர்போர்டு விசிறி முனை கடைப்பிடிப்பதில்லை. அங்கே கொடுக்கிற பக்கம்தான் ஊசி. பலகையில் அசையாமல் நிற்பதால் அது பரவாயில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பி எடுத்தால், நீட்டிப்பின் நுனியிலும் ஊசிதான் இருக்கும். அது பெட்டிக்குள் தொங்கிக்கொண்டு ஆடும். மதர்போர்டிலிருந்து எடுத்தே ஆகவேண்டும் என்றால், ஊசியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூடு உள்ள நீட்டிப்பாகப் பார்த்து வாங்கி, நுனியைச் சட்டத்தில் கட்டி வையுங்கள்.

ஃபியூஸ் எதற்கு?

"பவர் சப்ளையே ஷார்ட்டைக் கண்டு நின்றுவிடுகிறதே, பிறகு ஃபியூஸ் ஏன்?" என்று ஒரு மாணவர் கேட்டால் அவரைப் பாராட்டுங்கள். நல்ல கேள்வி.

முழு ஷார்ட்டில் நின்றுவிடும். அரைகுறை ஷார்ட்டில் நிற்காது. கம்பி லேசாக உரசுகிறது, அந்த இடத்தில் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 12 ÷ 1 = 12 ஆம்பியர். 16 ஆம்பியர் கொடுக்கக்கூடிய பவர் சப்ளைக்கு இது சாதாரண வேலை. "யாரோ பயன்படுத்துறாங்க" என்று கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் உண்டாகும் வெப்பம் 12 × 12 = 144 வாட். ஒரு சோல்டரிங் அயர்னைவிடச் சூடு. விசிறிக் கம்பியோ மெலிசு, சில நூறு மில்லி ஆம்பியருக்காக வந்தது. பிளாஸ்டிக் உருகும், புகையும்.

0.5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை 12 வோல்ட் கம்பியில், மோலெக்ஸுக்கு அருகில் வைத்தால் கதை முதல் நொடியிலேயே முடிந்துவிடும். விசிறி 0.20 ஆம்பியர்தான் எடுக்கிறது, பிறகு ஏன் 0.25 போடக்கூடாது? மோட்டார் சுற்றத் தொடங்கும் நேரத்தில் ஓடும்போது எடுப்பதைவிட அதிகம் எடுக்கும். சரியாக அளந்த ஃபியூஸ் அந்த நேரத்தில் போய்விடும். கொஞ்சம் இடம் விட வேண்டும்.

தேவையான பொருட்கள்

மோலெக்ஸ் ஆண் முனை உள்ள கம்பி ஒன்று. கம்பியில் இணைக்கும் ஃபியூஸ் கூடும் 0.5 ஆம்பியர் ஃபியூஸும். பூட்டு நாக்கு உள்ள இரண்டு கம்பி இணைப்பி ஒரு ஜோடி. சூட்டில் சுருங்கும் குழாய், கேபிள் டை, சோல்டரிங் அயர்ன், மல்ட்டிமீட்டர்.

இணைப்பியை வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். தலைகீழாக மாட்ட முடியாத வடிவமா? ஒரு பாதியில் உலோகம் விரலுக்கு எட்டாமல் உள்ளே இருக்கிறதா? சிசிடிவி கேமராவுக்குப் பயன்படும் உருளை வடிவ 12 வோல்ட் ஜோடியும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கொடுக்கிற பக்கத்துக்கு நடுத்துளையில் நேர்முனை மறைந்திருக்கும் பாதியை வைத்தால் அதுவும் நம் விதிக்குள் வரும். ஒரு குறைதான், யாராவது 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரை விசிறியில் செருகிப் பார்ப்பார்கள். அதனால் வகுப்பறைக்கு முதல் வகைதான் நல்லது.

செய்முறை

1. கணினியை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு கணினியின் சுவிட்சைச் சில நொடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எப்போதும் திறக்கக்கூடாது. அதற்குள் உள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

2. தகட்டைக் கழற்றிப் பெட்டியின் பக்கத்தில் மேசைமேல் படுக்க வையுங்கள். இணைப்பி எங்கே வர வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தகட்டை ஒரு கையகலம் திறந்தாலே கண்ணில் படுகிற, கை நுழைகிற, வேறு விசிறி இறக்கைகளுக்கு எட்டாத இடம். விசிறிப் பக்கம் 15 முதல் 20 சென்டிமீட்டர் கம்பி போதும்.

3. கொடுக்கிற பக்கம்: மோலெக்ஸின் மஞ்சள் கம்பியை ஃபியூஸ் கூட்டுக்கு, அங்கிருந்து பெண் முனையின் ஒரு காலுக்கு. ஒரு கறுப்பு மறு காலுக்கு. பயன்படாத சிவப்பையும் மற்றக் கறுப்பையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தனித்தனியே உறையிடுங்கள். சுருங்கும் குழாயை சோல்டர் வைப்பதற்கு *முன்பே* கம்பியில் கோர்த்துவிடுங்கள். எல்லாரும் மறப்பது இதைத்தான். பிறகு மறுபடி கழற்றி உட்கார வேண்டும்.

4. வாங்குகிற பக்கம்: விசிறியின் சிவப்பை, மாட்டும்போது மஞ்சளுக்கு நேரே வரும் ஊசியில் வையுங்கள். கறுப்பு மற்றதில். விசிறியின் மஞ்சள் கம்பி நுனியை உறையிட்டு ஓரமாகக் கட்டிவிடுங்கள்.

5. இணைப்பதற்கு முன் சோதனை. ஃபியூஸைப் போட்டு, பெண் முனையைக் காற்றில் விட்டு, கணினியை ஓட்டி அளவெடுங்கள். 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. மீட்டரில் கழித்தல் குறி வந்தால் மீட்டரின் முனைகளை முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால் உங்கள் கம்பி மாறியிருக்கிறது. மறுபடி நிறுத்திவிட்டுத்தான் விசிறியை மாட்ட வேண்டும்.

6. இழுவையைக் கேபிள் டை தாங்கட்டும். விசிறிக் கம்பியை விசிறியின் திருகுத் துளையோடும், மறுபக்கக் கம்பியைப் பெட்டிச் சட்டத்தோடும் கட்டுங்கள். மறந்துபோய் யாராவது தகட்டை இழுத்தால் சோல்டர் பிய்யக்கூடாது.

7. ஓட்டிப் பார்த்து, மெல்லிய தாள் துண்டை விசிறியருகே பிடியுங்கள். பக்கவாட்டு விசிறி வழக்கமாகக் காற்றை உள்ளே ஊத வேண்டும். தாங்கு கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், அது பெட்டிக்குள் பார்த்திருக்கட்டும். வெளிப்பக்கம் தூசி வடிகட்டியும் விரல் காப்பு வலையும் போடுங்கள்.

சோல்டர் வேலையை ஆசிரியர் செய்யுங்கள். வரைபடம் போடுவது, அளவெடுப்பது, சோதிப்பது மாணவர்கள் வேலை.

மாட்ட மறந்துவிட்டால்?

கழற்றக்கூடிய இணைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. கழற்றியவர் மாட்டாமலே மூடிவிடலாம். கணினி வழக்கம்போல ஓடும். உள்ளே மட்டும் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும், நம் 33 பாகை மதியத்தில் கேட்கவே வேண்டாம். இதற்கு எளிய வழி, தகட்டின் உட்புறம் பெரிய எழுத்தில் "விசிறியை மாட்டினாயா?" என்று ஒட்டுவது. மதர்போர்டிலிருந்து மூன்று கம்பியோடும் இணைப்பவர்களுக்கு இன்னொரு வசதி. வேகச் சமிக்ஞை போவதால், அந்த வசதி உள்ள மதர்போர்டுகள் விசிறி நின்றதும் எச்சரிக்கும்.

பயிற்சிக் கேள்விகள்

1. 12 வோல்ட், 0.25 ஆம்பியர் விசிறி ஒன்றின் மின்திறன் என்ன?
2. 12 வோல்ட், 0.20 ஆம்பியர் விசிறிகள் இரண்டைத் தொடர் மின்சுற்றில் 12 வோல்ட்டுடன் இணைத்தால் அவை மெதுவாகச் சுற்றுகின்றன. ஏன்? எப்படி இணைக்க வேண்டும்? அப்போது மொத்த மின்னோட்டம் எவ்வளவு?
3. ஃபியூஸை விசிறிக்கு அருகில் வைக்காமல் மோலெக்ஸுக்கு அருகில் வைப்பது ஏன்?
4. ஒரு மாணவர் கொடுக்கிற பக்கத்தில் ஆண் முனையை வைத்துவிட்டார். விசிறி நன்றாக ஓடுகிறது. அவருக்கு என்ன சொல்வீர்கள்?

விடைகள்

1. 12 × 0.25 = 3 வாட்.
2. தொடர் சுற்றில் 12 வோல்ட் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 6 வோல்ட்தான் கிடைக்கிறது. இணை மின்சுற்றாக இணைக்க வேண்டும். மொத்தம் 0.20 + 0.20 = 0.40 ஆம்பியர்.
3. ஃபியூஸ் தனக்குப் பிறகு உள்ள கம்பியைத்தான் காக்கும். விசிறியருகே வைத்தால், மோலெக்ஸுக்கும் ஃபியூஸுக்கும் இடையில் ஷார்ட் ஆனால் காப்பு இல்லை.
4. மாட்டியிருக்கும்வரை ஓடும். ஆபத்து கழற்றிய பிறகுதான் வரும். நீட்டிய ஊசியில் 12 வோல்ட் இருப்பதால், அது பெட்டியின் இரும்பைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

நான்காவது கேள்வியை வகுப்பில் கொஞ்சம் நேரம் விட்டுப் பேசுங்கள். "ஓடுதே சார், அப்புறம் என்ன?" என்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் பதில். அந்த டேப் சுற்றிய கம்பியும் ஒரு தவணை முழுக்க ஓடத்தான் செய்தது. ஓர் இணைப்பு சரியா என்று பார்க்க அதை மாட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, கழற்றியும் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை நாளைக்குத் தன் வீட்டில் ஜெனரேட்டர் கம்பியைப் பார்த்தாலும் சரியாக யோசிக்கும்.

உங்கள் பள்ளியிலும் "செத்துப்போன" கணினி ஒன்று மூலையில் கிடக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன், பக்கத் தகட்டை மெதுவாகத் திறந்து, விசிறிக் கம்பியை ஒரு தடவை பாருங்கள்.